தட்டினால் கதவு திறக்கிறது, சரி, பணம் எங்கே இருக்கிறது?

பேருந்திலும் மெட்ரோவிலும் டோல்கேட்டிலும் தட்டிவிட்டுப் போகிற கார்டுகளைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தைப் பலர் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டேன். கோபமாக எழுதியவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது, அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

கே: இந்தக் கார்டில் பேட்டரி கிடையாது, சார்ஜ் போடுவதும் இல்லை. அப்புறம் எப்படி மெஷினோடு பேசுகிறது? பர்ஸுக்குள் இருக்கும்போதே வேலை செய்கிறதே!

ப: கார்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சில கார்டுகளில் ஓரத்தை ஒட்டி மெல்லிய கம்பி சில சுற்றுகளாக ஓடுவது நிழலாகத் தெரியும். அதுதான் ஆன்டெனா, அதன் இரண்டு முனையும் ஒரு பொடிச் சில்லில் போய்ச் சேர்கின்றன. கேட்டில் உள்ள ரீடர், யாரும் வராவிட்டாலும்கூட, நொடிக்கு ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை மாறுகிற ஒரு காந்தப்புலத்தை எழுப்பிக்கொண்டிருக்கிறது. கணக்காகச் சொன்னால் 13.56 மெகாஹெர்ட்ஸ். மாறுகிற காந்தப்புலத்துக்குள் கம்பிச்சுருள் வந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே காட்டியதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், அதே சமாச்சாரம்தான். அந்தத் துளி மின்சாரத்தில் சில்லு விழித்துக்கொள்கிறது. பதில் சொல்ல அதற்குத் தனியாக ரேடியோ அலை அனுப்பும் தெம்பு கிடையாது, அதனால் தான் இழுக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது, ரீடர் தன் பக்கத்தில் அந்தச் சின்ன அசைவைக் கவனித்து ஒன்று, பூஜ்யம் என்று படித்துக்கொள்கிறது. துணியும் தோலும் பிளாஸ்டிக்கும் இந்தப் புலத்தைத் தடுக்காது. உலோகம் தடுக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேகத்துக்காக எடுத்துக்கொண்ட பாடு. ஜப்பானில் 2001 நவம்பரில் சுயிகா கார்டு வந்தபோது, நெரிசல் நேரத்தில் யாரும் நிற்காமல் நடந்துகொண்டே போக வேண்டும் என்பதால் ஒரு பரிவர்த்தனை 0.2 நொடிக்குள் முடிய வேண்டியிருந்தது. அதற்கு முன் நடந்த சோதனைகளில் மக்கள் கார்டை எங்கே, எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் தடுமாறினார்கள். கடைசியில் தீர்வு சில்லில் கிடைக்கவில்லை, ரீடரின் மேல்பரப்பை நம்மைப் பார்த்து 13.5 டிகிரி சாய்த்து வைத்ததில் கிடைத்தது. அந்தச் சாய்வைப் பார்த்ததும் கை தானாகவே அங்கே போய் ஒரு கணம் நிற்கிறது, அவ்வளவுதான் வேண்டும்.

கே: செல்போனில் ரீசார்ஜ் போட்டேன். வங்கியில் பணம் கழிந்துவிட்டது, எஸ்.எம்.எஸ்.ஸும் வந்துவிட்டது. கேட்டில் தட்டினால் பேலன்ஸ் இல்லை என்று சிவப்பு விளக்கு எரிகிறது. பின்னால் நிற்பவர்கள் முறைக்கிறார்கள். என் பணம் எங்கே சார் போனது?

ப: வந்த கடிதங்களில் அதிகம் பேர் கேட்டது இதுதான். இதைப் புரிந்துகொண்டால் மற்ற பாதிச் சந்தேகங்கள் தாமாகவே தீர்ந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் கார்டுகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில், மீதிப் பணம் எவ்வளவு என்ற எண் கார்டின் சில்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஹாங்காங்கில் 1997 செப்டம்பரில் வந்த ஆக்டோபஸ், ஜப்பானின் சுயிகா எல்லாம் இந்த வகை. கேட் யாரையும் கேட்க வேண்டியதில்லை: எண்ணைப் படிக்கும், கட்டணத்தைக் கழிக்கும், புது எண்ணை எழுதும், கதவைத் திறக்கும். நெட்வொர்க் படுத்துவிட்டாலும் வேலை நடக்கும். ஆனால் நீங்கள் செல்போனில் போட்ட ரீசார்ஜ் நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குத்தான் போனது, உங்கள் சட்டைப் பையில் கிடக்கும் கார்டுக்கு அது தெரிய வழியே இல்லை. ஏதாவது ஒரு மெஷினில் கார்டை வைத்து, அல்லது என்.எஃப்.சி. (இந்த மாதிரிக் கார்டோடு பேசும் வசதி) உள்ள செல்போனின் முதுகில் வைத்து, அந்தப் பணத்தைக் கார்டுக்குள் எழுதிக்கொள்ள வேண்டும். அதுவரை பணம் காத்திருப்பில் இருக்கும். தொலைந்து போகவில்லை.

இன்னொரு வகையில் கார்டுக்குள் பணமே கிடையாது. வெறும் அடையாள எண்தான், மீதி எல்லாம் தூரத்தில் இருக்கும் கணக்கில். இதில் ரீசார்ஜ் போட்டால் கார்டை எங்கேயும் கொண்டுபோய் வைக்க வேண்டாம், கார்டு தொலைந்தாலும் பணம் பத்திரம். ஆனால் கேட்டில் மீதி எவ்வளவு என்று காட்டுவது கஷ்டம். சிங்கப்பூரில் 2024 ஜனவரியில் இதை வைத்தே பெரிய விவாதம் நடந்தது. பழைய வகைக் கார்டுகளை நிறுத்திவிட்டு எல்லோரையும் கணக்கு வகைக்கு மாற்றப் போகிறோம் என்று அறிவித்தார்கள். தட்டும்போது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் பார்க்க முடியாதா என்று மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த மாதமே அரசு முடிவை மாற்றிக்கொண்டு, பழைய முறையைத் தொடர்ந்து நடத்த 4 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கியது. மக்கள் கேட்டது ரொம்ப நியாயமானது என்பது என் கருத்து. கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு ஆப்பைத் திறக்க வேண்டும் என்றால் அது வசதி ஆகாது.

ஆகவே உங்கள் கார்டு எந்த வகை என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் வகை என்றால், ரீசார்ஜ் போட்ட பிறகு நேராக கேட்டுக்குப் போகாமல் நிலையத்தில் உள்ள மெஷினில் ஒருமுறை வைத்து எடுங்கள். எத்தனை நாளைக்குள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று சில நிறுவனங்கள் கெடு வைக்கின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதை ரீசார்ஜ் முடிந்ததும் திரையில் பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டியது அவர்கள்தான். சொல்லாமல் விட்டுவிட்டு, வரிசையில் நிற்கும் மனிதரை அவமானப்பட வைப்பது தவறு.

கே: இருந்ததைவிடக் கட்டணம் அதிகம். ஆனாலும் கதவு திறந்தது, பேலன்ஸ் மைனஸில் காட்டியது. யார் கடன் கொடுத்தது?

ப: நீங்களே கொடுத்ததுதான். கார்டு வாங்கும்போது கட்டிய வைப்புத்தொகை அவர்களிடம் இருக்கிறது, அந்த தைரியத்தில் ஒரு தடவை மைனஸில் போக விடுகிறார்கள். ஆக்டோபஸில் இந்த ஏற்பாடு உண்டு. கடைசிப் பேருந்தில் வீடு திரும்புகிறவரை நடுவழியில் இறக்கிவிடாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. எல்லாக் கார்டிலும் இது கிடையாது.

கே: அவசரத்தில் கார்டைச் சட்டென்று எடுத்துவிட்டால், எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்று பணம் காணாமல் போய்விடாதா?

ப: நல்ல கேள்வி. கார்டுக்கு மின்சாரமே ரீடரிடமிருந்துதான் வருகிறது என்பதால், கார்டை எடுத்த நொடியே சில்லு செத்துவிடும். இதை எதிர்பார்த்தே வடிவமைத்திருக்கிறார்கள். உதாரணத்துக்கு, உலகமெங்கும் பரவியிருந்த மைஃபேர் கிளாசிக் என்ற சில்லில் பணத்தின் எண்ணை ஒரு தடவை எழுதி விட்டுவிடுவதில்லை. 16 பைட் கொண்ட ஒரு கட்டத்துக்குள் அதே எண் மூன்று தடவை இருக்கும், அதில் ஒன்று தலைகீழாக, அதாவது ஒன்றெல்லாம் பூஜ்யமாகவும் பூஜ்யமெல்லாம் ஒன்றாகவும் மாற்றி. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் இந்தக் கட்டம் கெட்டுப்போயிருக்கிறது என்று ரீடருக்குத் தெரிந்துவிடும், வேறொரு கட்டத்தில் உள்ள நகலை எடுத்துக்கொள்ளலாம். பின்னால் வந்த சில்லுகளில் இன்னும் கறாரான ஏற்பாடு: மாற்றங்களையெல்லாம் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, 'சரி, முடிந்தது' என்ற கடைசிக் கட்டளை வந்த பிறகுதான் நிரந்தரமாக்கும். அது வராவிட்டால் பழைய எண்ணே நிற்கும்.

நடைமுறையில் பிரச்சினை வேறு இடத்தில் வருகிறது. கார்டில் கழிந்திருக்கும், ஆனால் கதவு திறக்கும் முன் நீங்கள் கையை எடுத்திருப்பீர்கள், ரீடர் 'மறுபடியும் காட்டு' என்று சொல்லும். அப்போது வேறு கேட்டுக்கு ஓடாமல் அதே கேட்டில் அதே கார்டை மறுபடியும் காட்டுங்கள். அந்த ரீடருக்குப் பாதியில் விட்ட கணக்கு ஞாபகம் இருக்கும், பெரும்பாலும் இரண்டாம் முறை கழிக்காது.

கே: வெளியே வரும்போது தட்ட மறந்தேன், முழுத் தூரத்துக்கும் பணம் பிடித்துவிட்டார்கள். இது கொள்ளை இல்லையா?

ப: நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்று கார்டுக்குத் தெரியாது, தூரத்தைப் பொறுத்துக் கட்டணம் என்றால் அதற்கு இரண்டு முனையும் வேண்டும். தட்டாமல் போனால் மலிவு என்று வைத்தால் எல்லோரும் தட்டாமல் போவார்கள், அதனால்தான் அதிகபட்சக் கட்டணம். இது வரை புரிகிறது. ஆனால் கேட்டே இல்லாமல், கம்பத்தில் ஒரு ரீடரை மட்டும் மாட்டி வைத்திருக்கும் நிலையங்களில் மறப்பது சகஜம், அங்கே முழுப் பழியையும் பயணி மேல் போடுவது சரியில்லை. திருப்பிக் கேளுங்கள். வழக்கமாகப் போகிற வழி உங்கள் கணக்கில் பதிவாகியிருந்தால் பல இடங்களில் திருத்திக் கொடுக்கிறார்கள்.

கே: பர்ஸில் மூன்று கார்டு இருக்கிறது. அப்படியே தட்டலாமா?

ப: வேண்டாம். மூன்றும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். எது முதலில் பேச வேண்டும் என்று வரிசைப்படுத்த ரீடருக்கு வழி உண்டு, ஆனால் எந்தக் கார்டில் பணம் கழிய வேண்டும் என்பது உங்கள் மனதில் இருப்பது, அதற்குத் தெரியாது. ஒரு கார்டில் உள்ளே போய் இன்னொன்றில் வெளியே வந்தால் இரண்டிலும் முழுக் கட்டணம் போகும்.

கே: ரயிலுக்குத் தட்டும் கார்டையே டோல்கேட்டிலும் காட்டினால் என்ன? எதற்குக் கண்ணாடியில் தனி ஸ்டிக்கர்?

ப: காட்டலாமே, அப்படிச் செய்த நாடு உண்டு. மலேசியாவில் 1997-இல் வந்த டச் 'ன் கோ முதலில் நெடுஞ்சாலை டோலுக்காகத்தான் வந்தது, பிறகு அதே கார்டு ரயிலுக்கும் பேருந்துக்கும் பரவியது. ஆனால் டோலில் அதற்கு ஒரு சங்கடம். இந்த வகைக் கார்டு ஏறக்குறைய பத்து சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் பேசும். வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி, எட்டாவிட்டால் கதவைத் திறந்து இறங்கி... பணத்தை எண்ணும் வேலை மட்டும்தான் குறைகிறது, நிற்பது நிற்பதுதான். அதனால் கார்டை ஒரு சிறு கருவிக்குள் செருகிக் கண்ணாடியில் வைத்து, அது அகச்சிவப்புக் கதிரில் சாவடியோடு பேசும்படி செய்தார்கள். ஜப்பானிலும் கார்டை வண்டியில் உள்ள கருவிக்குள் செருக வேண்டும், பேச்சு 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையில் நடக்கும்.

ஸ்டிக்கர் வேறு சாதி. இந்தியாவின் ஃபாஸ்டேக் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்வது. அதிலும் பேட்டரி கிடையாது, ஆனால் இங்கே நடப்பது காந்தப்புலத்தில் இல்லை. மேலே மாட்டியிருக்கும் ஆன்டெனா அனுப்பும் அலையை ஸ்டிக்கர் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகிறது, திருப்புவதைக் கூட்டிக் குறைத்துத் தன் எண்ணைச் சொல்கிறது. அதனால் பல மீட்டர் தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது. சில கார்களின் முன்கண்ணாடியில் வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு இருக்கும், அது இந்த அலையையும் தடுத்துவிடும். பின்புறம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் பூச்சில்லாத இடம் விட்டிருப்பார்கள், அங்கே ஒட்ட வேண்டும்.

ஸ்டிக்கரில் பணம் கிடையாது, எண் மட்டும்தான். பணம் கணக்கில். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் வங்கியைக் கேட்டுக்கொண்டிருந்தால் வரிசை நகராது என்பதால், யார் யாரிடம் பணம் இல்லை என்ற பட்டியலைச் சாவடி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. சாவடி வரிசையில் நின்றுகொண்டே ரீசார்ஜ் செய்துவிட்டு 'இன்னும் பேலன்ஸ் இல்லை என்கிறானே' என்று எழுதியிருந்த நண்பருக்கும் இதுதான் பதில்: உங்கள் பணம் ஏறிவிட்டது, பட்டியல் இன்னும் மாறவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் முன் போட்டுவிடுங்கள். வண்டியை விற்றால் ஸ்டிக்கர் கணக்கையும் அன்றே மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டியை வாங்கியவர் போகிற டோலெல்லாம் உங்கள் கணக்கில் கழிந்துகொண்டிருக்கும்.

கே: இந்தக் கார்டுகளை நகல் எடுக்க முடியும் என்கிறார்களே?

ப: பழையவற்றை முடியும். முன்பு சொன்ன மைஃபேர் கிளாசிக் 1994-இல் வந்தது. அதன் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தயாரித்த நிறுவனம் ரகசியமாக வைத்திருந்தது, அந்த ரகசியமே பாதுகாப்பு என்று நம்பியது. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் ப்ளோட்ஸ் இருவரும் அந்தச் சில்லை அடுக்கடுக்காகத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு அடுக்கையும் படமெடுத்து, உள்ளே இருக்கும் சுற்றை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று விளக்கினார்கள். பூட்டின் சாவி 48 பிட் மட்டுமே. ஒவ்வொரு முறையும் கார்டு சொல்ல வேண்டிய தற்செயல் எண், மின்சாரம் வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை வைத்தே யூகிக்கக்கூடியதாக இருந்தது. அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முழுப் பூட்டையும் உடைத்தார்கள். அதை வெளியிடக் கூடாது என்று சில்லு நிறுவனமான என்.எக்ஸ்.பி. நீதிமன்றம் போனது, 2008 ஜூலையில் தோற்றது. லண்டனின் ஆய்ஸ்டர் கார்டும் அப்போது இந்தச் சில்லில்தான் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு டெஸ்ஃபயர் என்ற வலுவான வகைக்கு மாறினார்கள்.

இப்போது வரும் கார்டுகளில் வங்கிகள் பயன்படுத்தும் தரத்தில் பூட்டு இருக்கிறது. அது போக, நகல் கார்டு ஒன்று ஓடினால் பின்னணிக் கணக்கில் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒரே எண், ஒத்துப்போகாத மீதி. அந்த எண்ணை முடக்கிவிடுவார்கள். அந்த ஆய்வாளர்களை அன்று பலர் குற்றவாளிகளைப் போலப் பேசினார்கள். அவர்கள் சொல்லியிராவிட்டால் ஓட்டைப் பூட்டையே இன்னும் மாட்டிக்கொண்டு திரிந்திருப்போம்.

கே: கூட்டத்தில் யாராவது மெஷினை என் பையின் மேல் வைத்துப் பணத்தை உருவிவிட முடியுமா? கார் ஸ்டிக்கரை ஸ்மார்ட் வாட்ச்சால் படித்துப் பணம் திருடும் வீடியோ பார்த்துப் பயந்துவிட்டேன்.

ப: பயப்படாதீர்கள். கார்டையோ ஸ்டிக்கரையோ படிக்கிற கருவி கிடைப்பது சுலபம், பணத்தை எடுப்பது வேறு. பயணக் கார்டில் பணத்தைக் குறைக்க அந்த நிறுவனத்தின் சாவி வேண்டும். ஸ்டிக்கரில் பணம் கழிய, பதிவு செய்யப்பட்ட டோல் நிர்வாகத்திடமிருந்து கோரிக்கை போக வேண்டும், எண்ணைத் தெரிந்துகொண்டவர் யாரும் அதை அனுப்பிவிட முடியாது. தட்டும் வங்கிக் கார்டில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புதுக் குறியீடு உருவாகிறது, பழையதை மறுபடி பயன்படுத்த முடியாது. பணம் போய்ச் சேர ஒரு வணிகர் கணக்கும் வேண்டும், அதை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம்.

கே: நான் எங்கே ஏறுகிறேன், எங்கே இறங்குகிறேன் என்பதெல்லாம் யாருக்கோ தெரிகிறதா?

ப: தெரிகிறது. தட்டிய ஒவ்வொரு இடமும் நேரமும் பதிவாகிறது. பல கார்டுகளில் கடைசிச் சில பயணங்கள் சில்லிலேயே இருக்கும், கார்டைக் கையில் எடுப்பவர் செல்போனில் வைத்துப் படித்துவிடலாம். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2010-இல் ஆக்டோபஸ் நிறுவனம் ஏறக்குறைய 20 லட்சம் வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்து 4.4 கோடி ஹாங்காங் டாலர் சம்பாதித்தது வெளியே வந்தது, தலைமை அதிகாரி பதவி விலக நேர்ந்தது. அந்த விவரங்கள் பரிசுப்புள்ளித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் எழுதிக் கொடுத்தவை. பெயர் பதிவு செய்தால் தொலைந்த கார்டின் பணம் திரும்பக் கிடைக்கும், செய்யாவிட்டால் தொலைந்த ரூபாய் நோட்டு மாதிரிதான். எது வேண்டும் என்பது உங்கள் முடிவு. பரிசுப்புள்ளிக்காக மட்டும் பிறந்த தேதியையும் வருமானத்தையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கே: வங்கிக் கார்டையோ செல்போனையோ தட்டினால் போதும் என்று வந்துவிட்டது. இனி எதற்குத் தனிப் பயணக் கார்டு? ஒழித்துவிடலாமே!

ப: ஒழிக்கக் கூடாது. வசதியை நான் மறுக்கவில்லை. லண்டன் பேருந்துகளில் 2012 டிசம்பரிலும் பாதாள ரயிலில் 2014 செப்டம்பரிலும் வங்கிக் கார்டைத் தட்ட விட்டார்கள், அது அருமையாகவே வேலை செய்கிறது. கேட் அரை நொடிக்குள் கார்டு உண்மையானதா, முடக்கப்பட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திறந்துவிடும். பணக் கணக்கெல்லாம் இரவில். அன்றைய தட்டல்களையெல்லாம் கோத்துப் பயணங்களாக்கி, ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வாங்குவதில்லை என்ற வரம்பையும் போட்டு, ஒரே தொகையாகக் கழிப்பார்கள். வெளியூர்க்காரர் வந்து இறங்கியதும் டிக்கெட் வரிசையில் நிற்காமல் போய்விடலாம்.

ஆனால் எல்லோரிடமும் வங்கிக் கார்டு இருக்கிறதா? பள்ளிக்குப் போகிற பிள்ளையிடம் இல்லை. பட்டன் செல்போன் வைத்திருக்கும் பெரியவரிடம் இல்லை. கையில் கூலி வாங்கி அன்றன்றைக்குச் செலவு பார்க்கிற பெண்ணிடம் கணக்கு இருந்தாலும் அதில் பணம் இருக்காது, அவருக்கு வேண்டியது கையில் இருக்கும் நோட்டைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளும் ஒரு கார்டு, தட்டியதும் மிச்சம் எவ்வளவு என்று காட்டுகிற ஒரு கார்டு. பேருந்தை அதிகம் நம்பியிருப்பவர்கள் இவர்கள்தான். கார்டு வாங்கப் பெயர் கேட்கக் கூடாது, செல்போன் எண் கேட்கக் கூடாது, நோட்டை வாங்கிக்கொண்டு ஏற்றித்தரும் கவுன்ட்டரை மூடக் கூடாது. வங்கிக் கார்டையோ செல்போனையோ தட்டுகிறவருக்குக் கொடுக்கும் சலுகைக் கட்டணத்தை இந்தக் கார்டுக்கும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இருப்பவர்களுக்கு மலிவு, இல்லாதவர்களுக்கு அதிகம் என்று ஆகிவிடும்.

கே: கார்டில் ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டலாமா? காந்தம் பட்டால் அழிந்துவிடுமா?

ப: ஓட்டை போடாதீர்கள். ஆன்டெனா கம்பி ஓரமாகத்தான் ஓடுகிறது, ஒரு இடத்தில் அறுந்தாலும் கார்டு செத்தது. பின்பையில் வைத்து உட்கார்ந்து உட்கார்ந்து மடங்கினாலும் அதே கதி. காந்தம் ஒன்றும் செய்யாது, சில்லில் தகவல் மின்னேற்றமாக இருக்கிறது. அழிவது பின்னால் கறுப்புக் காந்தப்பட்டை உள்ள பழைய கார்டுகள்தான்.

கே: பழைய கார்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. பணம் இருந்த ஞாபகம், ஆனால் எந்த ரீடரும் எடுக்கவில்லை. தூக்கிப் போட்டுவிடட்டுமா?

ப: போடாதீர்கள். சில்லு செத்திருந்தாலும், பணம் கார்டில் இருக்கும் வகையானாலும், நீங்கள் கடைசியாகத் தட்டியபோது இருந்த மீதி பின்னணிக் கணக்கில் பதிவாகியிருக்கும். கார்டின் மேல் அச்சிட்ட எண்ணைச் சொன்னால் தேடி எடுக்க முடியும். கவுன்ட்டரில் கொடுத்து எழுத்து மூலம் கேளுங்கள், வைப்புத்தொகையையும் சேர்த்துக் கேளுங்கள், அது உங்கள் பணம். பயன்படுத்தாத கார்டில் ஆண்டுக்கு இவ்வளவு என்று கழிக்கும் விதி சில நிறுவனங்களில் உண்டு, அப்படிக் கழித்திருந்தால் எந்தத் தேதியிலிருந்து என்று கணக்குக் காட்டச் சொல்லுங்கள். இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் கார்டையும் இன்றைக்கே இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பர்ஸில் உரசி உரசி முதலில் அழிவது அந்த எண்தான்.